மெக்பர்சன்: ஒரு பாதிரியார் வீட்டுப் பெயர்

மெக்பர்சன் என்ற ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயருக்குப் பாதிரியார் மகன் என்று பொருள். ஸ்காட்லாந்தின் மலைநாட்டு மொழியான கேலிக்கில் ‘மக்’ என்றால் மகன். தமிழ்க் காதுக்கு நெருக்கமாக ஒலித்தாலும் இரண்டு சொற்களுக்கும் உறவில்லை. ‘பெர்சன்’ என்பது ஊர்த் தேவாலயத்தின் பொறுப்பிலிருந்த குருவைக் குறிக்கும். லத்தீனின் ‘பெர்சோனா’வில் பிறந்த சொல் அது. ஆங்கிலத்தின் ‘பார்சன்’ அதற்கு உடன்பிறப்பு. தமிழில் புணர்ச்சியில் எழுத்து திரிவதுபோல, கேலிக்கிலும் ‘மக்’குக்குப் பின் வரும் பகரம் மெலிந்து ‘ஃப’ ஆகும். ஆகவே மலைநாட்டார் வாயில் அது ‘மக் அ ஃபெர்சன்’. ஆங்கிலத்தில் எழுதியவர்கள் பழைய பகரத்தையே வைத்துக்கொண்டார்கள். பெண்ணுக்கு ‘மக்’ வராது. ‘நிக்’ சேர்த்து ‘நிக் அ ஃபெர்சன்’ என்பார்கள்.

பாதிரியாருக்கு மகன் எப்படி என்ற கேள்வி எழும். கத்தோலிக்கக் குருமாருக்குத் திருமணத் தடை கடுமையாவதற்கு முன், மலைநாட்டில் குரு குடும்பஸ்தராக இருப்பது வழக்கத்தில் இருந்தது. நம் ஊர்க் கோயில் பூசாரிப் பொறுப்பைப் போல, தேவாலயப் பொறுப்பும் அதோடு சேர்ந்த நிலமும் தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போயின. மெக்பர்சன் குலத்தார் தங்கள் மூதாதையாகச் சொல்வது 12ஆம் நூற்றாண்டில் கிங்யூசி என்ற ஊரில் இருந்த மூரியக் என்ற குருவை. இது குலமரபுக் கதை. அந்த அளவில் எடுத்துக்கொள்ளலாம். ஊருக்கு ஒரு குரு இருந்த நாட்டில் ‘குரு மகன்’ என்ற பெயர் பல இடங்களில் தனித்தனியாக முளைத்திருக்கும். ஆகவே மெக்பர்சன்கள் எல்லோரும் ஒரே ரத்தம் என்று கொள்ள வேண்டியதில்லை.

தொழிலைச் சொல்லும் பெயர்கள் அந்நாட்டில் ஏராளம். மெக்கின்டயர் தச்சன் மகன், மெக்கவன் கொல்லன் மகன், மெக்நாப் மடாதிபதி மகன். தாழ்நிலப் பகுதியில் ‘மக்’ இல்லாமலே தொழில் மட்டும் நின்றது: பாக்ஸ்டர் ரொட்டி சுடுபவர், வெப்ஸ்டர் நெசவாளர். அரச குடும்பமான ஸ்டூவர்ட் வம்சத்தின் பெயரே அரண்மனைக் காரியக்காரர் பதவியிலிருந்து வந்தது. தேயிலைத் தோட்டத்து லயங்களில் ‘கணக்கப்பிள்ளை வீட்டுப் பையன்’ என்று ஒருவரை அடையாளம் சொல்வதும் இதே வழிதான். ஸ்காட்லாந்தில் அந்த அடையாளம் சாசனங்களில் ஏறி, தொழில் மறைந்த பிறகும் பெயராக உறைந்துவிட்டது.

மெக்பர்சன்கள் தமிழ்நாட்டுக்கு வந்த கதை ஒரு தோல்வியோடு பின்னிக்கிடக்கிறது. 1745இல் ஸ்டூவர்ட் இளவரசர் சார்லஸ் கிளர்ச்சி செய்தபோது குலத்தலைவர் குளூனி மெக்பர்சன் அவர் பக்கம் நின்றார். 1746இல் கலோடன் போரில் கிளர்ச்சி முறிந்தது. குளூனி ஒன்பது ஆண்டுகள் மலைக் குகைகளிலும் மறைவிடங்களிலும் ஒளிந்திருந்துவிட்டு, 1755இல் பிரான்சுக்குத் தப்பினார். பிழைப்புக்கு வழியற்ற மலைநாட்டு இளைஞர்களுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியும் அதன் பட்டாளமும் வாசலாயின. ஜான் மெக்பர்சன் என்பவர் 1767இல் கப்பலில் சென்னை வந்து, ஆர்க்காடு நவாப் முகமது அலியின் நம்பிக்கையைப் பெற்று, அவருக்காக லண்டனில் காய் நகர்த்தினார். 1785–86இல் தற்காலிக கவர்னர் ஜெனரலாகவும் இருந்தார். ஸ்கை தீவில் அவருடைய தந்தை நிஜமாகவே ஒரு பாதிரியார். பெயரும் பிறப்பும் பொருந்திய அபூர்வ மெக்பர்சன் இவர். அவருக்கு நெருக்கமான ஜேம்ஸ் மெக்பர்சன் நவாபின் லண்டன் ஏஜென்டாக இருந்தவர். ஓசியன் என்ற பழங்கவிஞரின் பாடல்கள் என்று சொல்லித் தாமே பெரும்பாலும் எழுதிய கவிதைகளை வெளியிட்டு, ஐரோப்பா முழுதும் வாதத்தைக் கிளப்பியவரும் அவர்தான்.

நீலகிரிக்கு இப்பெயர் மண்வெட்டியோடு வந்தது. கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி, கோத்தகிரிக்கு அருகே திம்பட்டியில் தங்கினார். வெள்ளைக்காரர்கள் அங்கே குடியேற வேண்டுமானால் முதலில் பாதை வேண்டும். பவானிக் கரையிலுள்ள சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்குப் பாதை போடும் வேலை லெஃப்டினன்ட் மெக்பர்சன் என்ற இளம் அதிகாரியிடம் வந்தது. 1821இல் தொடங்கிய வேலை 1823இல் முடிந்தது. அது வண்டிச்சாலை அல்ல, குதிரைப் பாதைதான். சமவெளியில் தொடங்கி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம் வரை, மலைக்காய்ச்சலுக்குப் பேர்போன அடிவாரக் காட்டைக் கடந்து ஏற வேண்டும். 1830களின் தொடக்கத்தில் குன்னூர் மலைவழி திறக்கும்வரை, கிழக்குச் சமவெளியிலிருந்து சீமைச் சாமான்களும் நோயாளித் துரைமார்களும் பொதிமாட்டிலும் பல்லக்கிலும் இவ்வழியேதான் ஏறினார்கள். சல்லிவனுக்குக் கன்னேரிமுக்கில் நினைவகம் உண்டு. பாதை போட்டவரின் பெயர் பழைய ஆவணங்களோடு நின்றுவிட்டது.

பாதை போய்ச் சேர்ந்த ஊரின் பெயரிலும் தொழிலாளிகள் இருக்கிறார்கள். கோத்தகிரி என்பது கோத்தர் கேரி, அதாவது கோத்தர்களின் தெரு. இரும்படிப்பு, தச்சு, மட்பாண்டம் எல்லாம் கோத்தர் கைவேலை. அம்மலையின் மற்றக் குடிகளான தோடருக்கும் படகருக்கும் கத்தியும் கோடரியும் அடித்துக் கொடுத்தவர்கள் அவர்கள். படகர் சாவுச் சடங்குகளில் இசைத்தவர்களும் அவர்களே. ஸ்காட்லாந்தில் கொல்லன் மகன் தன் பெயரில் உலையைச் சுமந்தான். இங்கே உலை ஊர்ப்பெயரில் நிற்கிறது.

தமிழர் வாயில் இன்றும் தினமும் புழங்கும் மெக்பர்சன் சிங்கப்பூரில் இருக்கிறது. மெக்பர்சன் சாலைக்கு அப்பெயர் தந்தவர் சென்னைப் பட்டாளத்து அதிகாரி ரோனல்ட் மெக்பர்சன். புனித ஆண்ட்ரூ பேராலயத்தை வரைந்தவர் அவர்; 1856இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1861இல் முதல் வழிபாடு நடந்தது. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். சுவருக்குப் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு: சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து அடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்து, காய்ந்த பின் கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். மெக்பர்சன் 1867இல் சிங்கப்பூரின் குடியேற்ற நாட்டுச் செயலாளரானார். 1869இல் இறந்தார், நினைவுச் சின்னம் பேராலய வளாகத்திலேயே இருக்கிறது. அவர் பெயரில் இப்போது ஒரு ரயில் நிலையமும் உண்டு.