ஒற்றை வாக்கும் ஒதுங்கி நின்றோரும்

மக்களாட்சிக்கு முன்மாதிரியென உலகோர் பலரும் போற்றிய ஐக்கிய அமெரிக்காவில், ஒரு சட்டசபையின் பெரும்பான்மையைத் திருவுளச்சீட்டு நிர்ணயித்தது என்றால் நம்புதல் அரிது. ஆயினும் அது நடந்த செய்தியே.

2017ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வேர்ஜீனியா மாநிலச் சட்டசபைக்குத் தேர்தல் நடைபெற்றது. நியூபோர்ட் நியூஸ் நகரைச் சேர்ந்த 94ஆம் தொகுதியில் குடியரசுக் கட்சியின் டேவிட் யான்சியும், ஜனநாயகக் கட்சியின் ஷெல்லி சைமண்ட்ஸ் அம்மையாரும் போட்டியிட்டனர். முதல் எண்ணிக்கையில் யான்சி பத்து வாக்குகளால் முன்னின்றார். மீள எண்ணியபோது அம்மையார் ஒரேயொரு வாக்கினால் வென்றார். மறுநாளோ, மூன்று நீதிபதிகள் கூடி, ஐயத்துக்கிடமான சீட்டொன்றை யான்சிக்கு உரியதெனத் தீர்த்தனர். இருவருக்கும் சரிநிகராக 11,608 வாக்குகள்!

2018 ஜனவரி 4ஆந் திகதி, தலைநகரான ரிச்மண்டில், இருவர் பெயரையும் எழுதிய சீட்டுகளை ஒரு மட்பாண்டத்தில் இட்டு ஒன்றை எடுத்தனர். நம் முன்னோரின் குடவோலை முறையை நினைவூட்டும் அக்காட்சியில் யான்சியின் பெயரே வந்தது. அதனால் 100 உறுப்பினர் கொண்ட அச்சபையில் 51க்கு 49 என்னும் கணக்கில் குடியரசுக் கட்சி பெரும்பான்மை பெற்றது. அத்தேர்தலில் அம்மாநிலத்தின் பதிவுபெற்ற வாக்காளருள் பாதிக்கு மேற்பட்டோர் வாக்களிக்கவேயில்லை. அத்தொகுதியில் ஒதுங்கி நின்றோருள் எவரேனும் ஒருவர் வந்திருப்பின், மட்பாண்டத்துக்கு வேலை இருந்திராது.

அமெரிக்க மக்கள் இரு கூறாகப் பிளவுண்டு கிடக்கின்றனர் என்று பலரும் வருந்துகின்றனர். அரசியலை மறந்து வாளாவிருக்கின்றனர் என்று வேறு சிலர் குறைகூறுகின்றனர். இவ்விரண்டும் வெவ்வேறு நோய்களல்ல. ஒன்றையொன்று வளர்க்கும் இரட்டை நோய்கள்.

அது எவ்வாறெனிற் காண்போம். அங்கே தொகுதி எல்லைகளைப் பல மாநிலங்களில் அரசியல்வாதிகளே வரைகின்றனர். தமக்கு வாய்ப்பாக அவற்றை வளைத்து வரையும் வழக்கம் 1812ஆம் ஆண்டிலேயே பெயர்பெற்றுவிட்டது. இவ்வாறு வரைந்த தொகுதியில் எக்கட்சி வெல்லும் என்பது முன்னரே தெரிந்த செய்தி. ஆதலால் உண்மையான போட்டி, கட்சி தன் வேட்பாளரைத் தெரிந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலிலேயே நிகழ்கிறது. அதற்கு வருவோரோ மிகச் சிலர். அவருள்ளும் கடும் பற்றுடையோரே பலர். வேட்பாளர் எதிர்க்கட்சியினருக்கு அஞ்சுவதில்லை; தம் கட்சித் தீவிரருக்கே அஞ்சுகிறார். அவர்களை மகிழ்விக்க அவர் பேச்சு வெம்மை கொள்கிறது. அதைக் கேட்ட சாந்தமான குடிமகன், “நமக்கேன் இந்தச் சேறு?” என்று விலகுகிறான். அவன் விலக விலக, எஞ்சிய குரல்கள் இன்னும் உரத்து ஒலிக்கின்றன.

2014ஆம் ஆண்டின் இடைக்காலத் தேர்தலில், தகுதியுடையோருள் நூற்றுக்கு ஏறக்குறைய 36 பேரே வாக்களித்தனர். 2021இல் நியூயோர்க் நகர முதல்வரைத் தெரிந்தபோது, பதிவுபெற்றோருள் நாலில் ஒரு பங்கினர்தாமும் வரவில்லை. குற்றம் முழுவதையும் மக்கள்மேற் சுமத்துவதும் தகாது. குதிரைவண்டியில் ஊர்சென்று வாக்களித்த உழவரின் வசதிக்கேற்ப 1845இல் விதித்த செவ்வாய்க்கிழமையே இன்றும் தேசியத் தேர்தல் நாள். அன்று நாடளாவிய விடுமுறையும் இல்லை. கூலிவேலை செய்வோன் சம்பளத்தை இழப்பானா, வாக்கை இழப்பானா?

இன்னுமொன்று கருதற்பாலது. 2020இல் தகுதியுடையோருள் மூன்றில் இரு பங்கினர் வாக்களித்தனர். 1900ஆம் ஆண்டுக்குப் பின் அத்தகைய வருகை இருந்ததில்லை. எனினும் 2021 ஜனவரி 6ஆந் திகதி, தோல்வியை ஏற்க மறுத்த கூட்டமொன்று பாராளுமன்ற மாளிகையை உடைத்து நுழைந்தது. சினத்தால் மட்டும் திரண்டு வரும் வாக்கு மருந்தாகாது என்பதை இது காட்டும். நகரசபையிலும் பாடசாலைச் சபையிலும், வீதியையும் குடிநீரையும் பற்றி அயலவர் நேர்முகமாகக் கூடிப் பேசும்போதே, எதிர்க்கட்சிக்காரனும் தன்னைப்போன்ற மனிதனே என்பது விளங்கும்.

இவ்வுரிமை எளிதில் வந்ததன்று. 1965 மார்ச் மாதம் அலபாமா மாநிலத்துச் செல்மா நகரில், வாக்குரிமை வேண்டி அமைதியாக நடந்த கறுப்பின மக்கள் பாலத்தின்மேல் தடியடி பட்டனர். அவர் சிந்திய குருதியின் பயனாக அவ்வாண்டே வாக்குரிமைச் சட்டம் பிறந்தது.

வேர்ஜீனியா தன் பாடத்தைக் கற்றது போலும். 2019இல், நீதிமன்ற ஆணைப்படி திருத்திய எல்லைகளுடன் நடந்த தேர்தலில் சைமண்ட்ஸ் அம்மையார் வெற்றிபெற்றார். 2020இல் அம்மாநிலம் தேர்தல் நாளை விடுமுறையாக்கி, முன்கூட்டியே வாக்களிக்கும் வழியையும் எல்லோருக்கும் திறந்தது. கதவு திறந்தாயிற்று, உள்ளே செல்லுதல் குடிமக்களின் கடன்.