நாய்களுக்குக் காணும் சொறி வியாதி

தூத்துக்குடி ஜில்லாவில் சாகுபுரம், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் முதலிய கடற்கரையூர்களிலும், கன்னி, சிப்பிப்பாறை நாய்கள் வளர்க்கப்படும் உள்நாட்டுக் கிராமங்களிலும், தோட்டத்துக்கும் ஆட்டுக் கிடைக்கும் காவல் நாயே. அதற்கு மயிர் உதிர்ந்து தோல் தடித்துச் சொறி காணுமாயின், உப்புக் காற்றின் விளைவென்று வாளாவிருப்போரும், பழைய எஞ்சின் எண்ணெயைப் பூசுவோரும், நாயை ஊருக்கு வெளியே விரட்டுவோரும் உண்டு. இம்மூன்றும் தவறாம். சொறி என்னும் ஒரே பெயரால் வழங்குபவை இரு வேறு வியாதிகள். அவற்றைப் பகுத்தறிந்த பின்னரே சிகிச்சை செய்தல் வேண்டும்.

தொற்றும் சொறி

இதனை உண்டாக்குவது சார்க்காப்டிஸ் என்னும், உண்ணிக்கு இனமான, எட்டுக்கால் நுண்பிராணி. பெண் பிராணி தோலினுள் வளை தோண்டி முட்டையிடும். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு ஏறக்குறைய மூன்று வாரத்திற்குள் வளர்ந்துவிடும். முதலில் காதோரம், முழங்கை, பின்னங்கால் மூட்டு, அடிவயிறு ஆகிய இடங்களில் பொருக்குக் காணும். நாய் இராப்பகலாய்ச் சொறிந்துகொண்டிருக்கும். இது ஒரு நாயிலிருந்து மற்றொன்றுக்கு விரைவில் தொற்றும். நாயைத் தூக்கிக் கொஞ்சும் பிள்ளைகளின் கைகளிலும் வயிற்றிலும் அரிப்புள்ள சிறு கொப்புளங்கள் தோன்றலாம். நாய்க்குக் குணமானால் இவையும் பெரும்பாலும் அடங்கும்.

தொற்றாத சொறி

டெமோடெக்ஸ் என்னும் மற்றொரு நுண்பிராணி மயிர்க்கால்களில் வசிப்பது. ஆரோக்கியமான நாய்களிடத்தும் இது சிறிதளவு உண்டு. குட்டி பிறந்த சில நாட்களில், பால் குடிக்கும்போது தாயினிடமிருந்து வந்து சேரும். உடலின் எதிர்ப்புச் சக்தி குன்றியபோதே வியாதியாகும். கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் முன்னங்கால்களிலும் மயிரற்ற திட்டுக்கள் காணும், அரிப்புச் சொற்பம். மனிதருக்கு இது தொற்றாது. குட்டிகளுக்கு இரண்டொரு திட்டுக்கள் மட்டும் இருப்பின் பெரும்பாலும் தாமே ஆறிவிடும். உடல் முழுதும் பரவிச் சீழ் பிடித்தால் சிகிச்சை பல மாதம் நீடிக்கும். அவ்வாறு பரவிய நாயை இனவிருத்திக்கு உபயோகித்தலாகாது.

சிகிச்சை

கால்நடை மருந்தகத்தில் தோலைச் சுரண்டி எடுத்துப் பூதக்கண்ணாடியில் சோதிப்பார்கள். சார்க்காப்டிஸ் ஒரே சோதனையில் அகப்படாமலும் போகும்; ஆகையால் குறிகளையும் கொண்டே வைத்தியர் தீர்மானிப்பார். மருந்து முட்டைகளை அழிக்காதாகையால், அரிப்பு நின்றவுடன் சிகிச்சையை நிறுத்திவிடாது, சொல்லிய தவணைப்படி மறுபடியும் செய்தல் வேண்டும். தொற்றும் சொறியாயின் வீட்டிலுள்ள நாய்கள் அனைத்திற்கும் ஒரே சமயத்தில் சிகிச்சை அவசியம். படுத்த சாக்குகளைக் கொளுத்திவிடுக.

ஆடுமாடுகளுக்கென வாங்கிய ஐவர்மெக்டின் மருந்தை உத்தேசமாக அளந்து நாய்க்குக் கொடுத்தல் அபாயம். இளங்குட்டிகளும், காலி முதலிய சில அந்நிய மேய்ச்சல் ஜாதி நாய்களும் இதனால் இறக்கக்கூடும். எஞ்சின் எண்ணெயும் மண்ணெண்ணெயும் தோலைப் புண்ணாக்குவதோடு, நாய் நக்குவதால் விஷமாகவும் முடியும்.

விரட்டப்பட்ட நாய் வியாதியையும் உடன் கொண்டே அடுத்த ஊருக்குச் செல்லும். ஆகையால் ஒரு தெருவில் பல நாய்களுக்குச் சொறி காணுமிடத்து, கிராம அதிகாரிகள் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திற்கு உடனே தெரிவித்து, அவை யாவற்றிற்கும் ஒருங்கே சிகிச்சை நடக்கச் செய்வது நலம்.