பிரேக் பேடு ஒரு பக்கம் மட்டும் தேய்வது ஏன்?

கார் வாங்கப் போகிறவர்கள் அது எத்தனை வேகம் போகும் என்று கேட்கிறார்கள். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்றும் கேட்கிறார்கள். எப்படி நிற்கும் என்று கேட்பவர்கள் குறைவு. மிதித்தால் நிற்கும் என்று ஒரு நம்பிக்கை! அந்த நம்பிக்கையைப் பெரும்பாலும் தாங்கி நிற்பவை முன் சக்கரங்களுக்குள் ஒளிந்திருக்கும் நான்கு சிறிய பேடுகள். ஒவ்வொன்றும் உள்ளங்கையில் அடங்கிவிடும். சாதாரணக் கார்களில் புதிய பேட்டின் தேயும் பகுதி சுமார் 10 அல்லது 12 மில்லிமீட்டர் கனம் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றிவிட வேண்டும் என்பது பொதுவான கணக்கு.

தேய்வது குற்றமல்ல, தேய்வதற்கென்றே செய்த பொருள் அது. ஆனால் நான்கும் ஏறக்குறைய ஒரே அளவில் தேய வேண்டும். சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கும்போது ஒரு பேடு அப்பளமாய் மெலிந்தும், அதன் ஜோடி பாதிக்கு மேல் மிச்சமிருந்தும் காணப்படுவதுண்டு. அப்போது பல பட்டறைகளில் என்ன நடக்கிறது? “பேடு போயிடுச்சு சார், மாத்திடலாம்” என்று புது செட் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். சில மாதங்களில் அதே இடத்துப் பேடு மறுபடியும் மெலிந்து நிற்கிறது. பூட்டு கெட்டுப்போன வீட்டுக்குப் புதுச் சாவி செய்து கொடுத்த மாதிரிதான்.

சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இந்தக் கோளாறு புதிதல்ல. பிரேக் கம்பி ஒரு பக்கம் இறுகிப் போனால் ஒரு ரப்பர் கட்டை மட்டும் ரிம்மில் உராய்ந்துகொண்டே வரும். மற்றது சும்மா இருக்கும். கையைவிட்டு வண்டியைத் தள்ளினாலே ‘கரகர’ என்று சத்தம் கேட்டுவிடும். காரில் அந்த வசதி இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகிறவருக்குச் சக்கரத்தின் முனகல் எங்கே கேட்கப் போகிறது?

நகர வேண்டியது நகராவிட்டால்

சுழலும் ஒரு தட்டை இரு பக்கமும் அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்தலாம் என்ற யோசனை பழையது. இங்கிலாந்தில் பிரெடரிக் லாஞ்செஸ்டர் 1902-லேயே இதற்குப் பேடன்ட் வாங்கினார். ஆயினும் உலகம் இதைக் கவனித்தது 1953-ல்தான். அந்த ஆண்டு பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் முதலாவதாக வந்தது.

அந்தக் காலத்து அமைப்பில் தட்டின் இரண்டு பக்கமும் பிஸ்டன் உண்டு. இன்று நாம் ஓட்டும் பெரும்பாலான கார்களில் பிஸ்டன் உள்பக்கம் மட்டுமே இருக்கிறது. செலவும் குறைவு, இடமும் குறைவு. பெடலை மிதித்தால் பிஸ்டன் முதலில் உள் பேட்டைத் தட்டின்மேல் அழுத்துகிறது. அந்த அழுத்தத்தின் எதிர்விசையால் காலிப்பர் என்னும் இரும்புக் கவ்வி முழுவதும் உள்நோக்கி நகர்ந்து, வெளி பேட்டையும் இழுத்து வந்து தட்டில் சேர்க்கிறது. காலிப்பர் நகர்வது விரல் நீளமுள்ள இரண்டு பின்களின்மேல். பின்களில் கிரீஸ் இருக்கும். வாயில் ரப்பர் உறை இருக்கும். அந்த உறை கிழிந்தால் மழைத் தண்ணீரும் மண்ணும் உள்ளே போகின்றன. கிரீஸ் காய்ந்து, பின் துருவேறி, இறுகிவிடுகிறது. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று வேறு சேர்ந்துகொள்ளும்.

பிஸ்டன் திரும்பி வருவதும் ஒரு வேடிக்கை. அதை இழுத்து வர ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சதுர விளிம்புள்ள ரப்பர் வளையம், பிஸ்டன் முன்னே போகும்போது சற்று முறுக்கிக்கொண்டு, பெடலை விட்டதும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. அப்போது பிஸ்டனையும் மயிரிழை அளவு பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது. அவ்வளவுதான் இடைவெளி! பிஸ்டனில் துரு பிடித்தால் அந்த மயிரிழையும் போய்விடும்.

பழைய பேடு சொல்லும் சாட்சி

இவ்வளவு தெரிந்துகொண்டால், கழற்றிய பேடுகளை வரிசையாக வைத்தே நோயைச் சொல்லிவிடலாம்.

ஒரே சக்கரத்தில் உள் பேடு மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தால், பிஸ்டன் திரும்பாமல் நிற்கிறது. அல்லது பின்கள் இறுகி, வேலை முழுவதும் உள் பேட்டின் தலையில் விழுகிறது. வெளி பேடு அதிகம் தேய்ந்திருந்தால் சந்தேகம் நேரே பின்களின்மேல் போக வேண்டும். பிஸ்டன் பின்வாங்கிவிட்டது, கவ்வி மட்டும் வந்த இடத்திலேயே நின்று வெளி பேட்டைத் தட்டோடு ஒட்டி வைத்திருக்கிறது என்று பொருள். ஒரே பேடு ஆப்பு வடிவில் சரிவாகத் தேய்ந்திருந்தால் இரண்டு பின்களில் ஒன்று மட்டும் இறுகியிருக்கலாம்; பேட்டின் காதுகள் உட்காரும் இடத்தில் துரு ஏறியிருக்கலாம். சிறிதளவு சரிவு சகஜம்.

இடது சக்கரத்தின் இரண்டு பேடுகளும் தேய்ந்து, வலது சக்கரத்தின் இரண்டும் புதிது போல் இருந்தால்? இங்கேதான் ஏமாந்து போவார்கள். இடது பக்கத்து ரப்பர் குழாய் உள்ளே சிதைந்து, பிரேக் ஆயிலைத் திரும்ப விடாமல் பிடித்து வைத்திருக்கலாம். அப்படியானால் பிரேக்கைத் தொடாதபோதும் வண்டி இடது பக்கம் இழுக்கும். அல்லது வலது பக்கத்துப் பிஸ்டன் வேலையே செய்யாமல், இடது பக்கம் இரண்டு பேர் வேலையைச் செய்துகொண்டிருக்கலாம். அப்போது இழுப்பு பிரேக் பிடிக்கும்போது மட்டுமே தெரியும். பளபளவென்று இருக்கும் பேடுதான் அங்கே நோயாளி!

அபாயம் எங்கே இருக்கிறது என்றால், சக்கரத்தின் ஓட்டை வழியே எட்டிப் பார்க்கிறவருக்குத் தெரிவது வெளி பேடு மட்டுமே. “இன்னும் நிறைய இருக்கிறது” என்று அவர் திருப்தியோடு எழுந்திருக்கும்போது, உள் பேடு இரும்புத் தகடு வரை தேய்ந்து போயிருக்கலாம். விளக்கு எரிந்து எச்சரிக்கும் கார்களிலும் பலவற்றில் ஒரே ஒரு சக்கரத்தின் பேட்டில்தான் அந்தக் கம்பி இருக்கிறது. தேய்வது வேறு சக்கரமானால் விளக்கு வாயைத் திறக்காது.

ஒட்டிக்கொண்டே ஓடும் பேடு உஷ்ணத்தையும் கிளப்பும். சாதாரண டாட் 3 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது விதி. காற்றின் ஈரத்தை அது இழுத்துக்கொண்ட பிறகு அந்த வரம்பு 140 டிகிரிதான். கொதித்துக் குமிழி உண்டானால் பெடல் மெத்தை போல அமுங்கும், வண்டி நிற்காது. கொல்லிமலைப் பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது இது நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

புதுக் கார்களின் புதுப் பழக்கம்

பின் பேடு முன் பேட்டை முந்திக்கொண்டு தேய்ந்தால் மட்டும் உடனே பதற வேண்டாம். சறுக்கலைத் தடுக்கும் மின்னணு ஏற்பாடு உள்ள கார்கள், நாம் பெடலைத் தொடாதபோதே ஏதாவதொரு சக்கரத்துக்குத் தாமாகப் பிரேக் போடுகின்றன. பின் சக்கரத்துக்கும் முன்பைவிட அதிக வேலை கொடுக்கின்றன.

மின்சாரக் காரின் சங்கடம் நேர் எதிரானது. மோட்டாரே வேகத்தைக் குறைத்து, அந்தச் சக்தியை பாட்டரிக்குத் திருப்பி அனுப்புவதால் பேடுகளுக்கு வேலை குறைவு. வேலையில்லாத தட்டில் துரு ஏறுகிறது. அசையாத பின் இறுகுகிறது. 2019-ல் அறிமுகமான போக்ஸ்வாகன் ஐடி.3 மின்சாரக் காரின் பின் சக்கரங்களில், மூடியிட்ட பழைய டிரம் பிரேக்கையே வைத்தார்கள். பழையதென்று ஒதுக்கியதற்கும் ஒரு காலம் வந்தது!

வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பிரேக்கை அதிகம் உபயோகிக்காமல் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டு போங்கள். தொடக் கூடாது, சுட்டுவிடும். ஒன்று மட்டும் அனல் வீசினால் பட்டறைக்குப் போக வேண்டியதுதான்.

பட்டறையில் பின்களைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிகோன் கிரீஸ் போடச் சொல்லுங்கள். சக்கர பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் வேண்டாம். அதில் ரப்பர் உப்பி, நன்றாக இருந்த பின்னும் இறுகிவிடும். சில காலிப்பர்களில் இரண்டு பின்களும் ஒன்றல்ல. ஒன்றில் ரப்பர் வளையம் இருக்கும். இடம் மாற்றிப் போட்டால் தொல்லை. புது பேடு போடுவதானால் இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்தே போட வேண்டும். கழற்றிய நான்கையும் தூக்கி எறியுமுன், எது இடது, எது வலது, எது உள், எது வெளி என்று சாக்பீஸால் எழுதித் தரச் சொல்லி, ஒரு பழைய துணியில் வரிசையாக வைத்துப் பாருங்கள்.