வானத்தைப் பார்த்துப் பரிசல் ஏறாதீர்கள்!

பெருநாள் விடுமுறையில் ஏற்காடு செல்லும் குடும்பங்கள் ஒண்டிக்கடை அருகிலுள்ள ஏரியில் படகேறி மகிழ்வதுண்டு. மலையிறங்கி, தருமபுரி வழியே ஒகேனக்கல் சென்று பரிசல் ஏறுவோரும் உளர். இரண்டையும் ஒன்றென எண்ணிவிடாதீர்கள். ஏரி நீர் அமைதியாய் நிற்பது. காவிரியோ பாறை இடுக்குகளில் சீறிப் பாய்வது.

ஒகேனக்கல்லில் வானம் தெளிந்திருக்கும்போதே வெள்ளம் வரலாம். கருநாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளில் திறக்கப்படும் நீர் பிலிகுண்டுலு வழியாகவே தமிழகத்தில் நுழைகிறது. அங்கே அளக்கப்படும் நீர்வரத்து நாளிதழ்களில் கன அடிக் கணக்கில் வெளிவரும். வினாடிக்கு 10,000 கன அடி என்றால் ஏறத்தாழ 2,80,000 லிட்டர்! வரத்து மிகும்போது மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை விதிக்கும். புறப்படுமுன் இதைக் கேட்டறியுங்கள்.

தடை நாளில் கூடுதல் பணத்துக்கு வேறு துறையில் ஏற்றுவதாக எவரேனும் அழைத்தால் மறுத்துவிடுங்கள். பிள்ளைகளுக்கும் லைஃப் ஜாக்கெட் அணிவியுங்கள்; பெண்கள் புர்காவின் மேலேயே அதன் வாரை இறுக்கிக் கட்டலாம். பரிசலில் எழுந்து நிற்பதும், எல்லோரும் ஒருபுறம் சாய்வதும் ஆபத்து.

பயண துஆவை ஓதுங்கள். ஆயினும் பாதுகாப்பைக் கைவிட்டு துஆவை மட்டும் நம்பியிருப்பது தவக்குல் ஆகாது. உயிர் இறைவன் தந்த அமானிதம். தடையென்றால் மனக்குறையின்றித் திரும்புங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த விடுமுறையில் போகலாம்.