நீர்நாய் வரும் வழி

அவிநாசி என்றவுடன், முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரமூர்த்தி நாயனார் மீட்டளித்த வரலாறு நம் அனைவர்க்கும் நினைவுக்கு வரும். நீர் கொண்டுபோன உயிரை நீரே திருப்பித் தந்த தலம் இது. ஆறுகள் தாம் இழந்த உயிர்களைத் திரும்பப் பெறுவது இக்காலத்திலும் உலகில் நிகழ்கிறது. அவ்வாறு திரும்பிய உயிர்களுள் ஒன்றாகிய நீர்நாயைப் பற்றி இவ்விதழில் விளக்க விரும்புகிறோம்.

நெசவாளரும் உழவரும் அங்கத்தினராயுள்ள சங்கத்திற்கு இப்பிராணியால் ஆவதென்ன என்று கேட்கலாம். நூலுக்குச் சாயமேற்றவும் நீர் வேண்டும். பயிர் விளையவும் நீர் வேண்டும். அந்நீரைக் கெடுக்கும் ஆற்றலும் இவ்விரு தொழிலுக்கும் உண்டு. ஆற்று நீர் நன்னிலையில் உள்ளதா என்பதற்கு நீர்நாயைப்போல் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது.

நீர்நாயின் இயல்பு

நீர்நாய் பெயரளவில்தான் நாய். உண்மையில் அது கீரியைப்போல் நீண்ட உடலும், விரல்களுக்கிடையே சவ்வும், தட்டையான வாலும் உடையது. சங்கப் புலவர்கள் இதனை நன்கு அறிந்திருந்தனர். குறுந்தொகையில் நீர்நாய் வாளை மீனை இரையாகக் கொள்ளும் செய்தி வருகிறது. இந்தியாவில் மூன்று வகை நீர்நாய்கள் உண்டு. அவற்றுள் வழுவழுப்பான மயிருடைய பெரிய வகையே சமவெளி ஆறுகளுக்கு உரியது. அதன் எடை ஏறக்குறைய 7 முதல் 11 கிலோ வரை இருக்கும். வால் உட்பட நான்கடி நீளம் வளரும். குடும்பமாக வாழ்ந்து, கூட்டமாக மீனை வளைத்துப் பிடிக்கும். நாளொன்றுக்கு ஒரு கிலோ அளவு மீன் உண்ணும். கரையிலுள்ள வளைகளிலும், வேர்களின் இடுக்குகளிலும், பாறைப் பொந்துகளிலும் குட்டி ஈனும்.

ஆகவே இதற்கு மூன்று பொருள்கள் இன்றியமையாதன: நஞ்சில்லாத நீர், ஆண்டு முழுவதும் மீன், மறைவுள்ள கரை. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் நீர்நாய் தங்குவதில்லை.

பிற நாடுகளின் அனுபவம்

இங்கிலாந்தில் 1950-களின் பிற்பகுதியில் நீர்நாய்கள் விரைவாகக் குறைந்தன. விதைக்குத் தடவவும், ஆடுகளை முக்கியெடுக்கவும் உபயோகித்த ஆல்டிரின், டைல்டிரின் முதலிய மருந்துகளே அதற்கு முக்கிய காரணமென்று பின்னர் தெளிந்தனர். இம்மருந்து எளிதில் சிதைவதில்லை. நிலத்திலிருந்து ஆற்றுக்கும், சிற்றுயிர்களிலிருந்து மீனுக்கும் செல்கிறது. மீனின் கொழுப்பில் சேர்ந்த நஞ்சு, நாள்தோறும் மீனை உண்ணும் நீர்நாயின் உடலில் பன்மடங்காகத் திரள்கிறது. உழவன் கழனியில் இட்டது சிறிதளவேயாயினும், அதன் கணக்கு நீர்நாயிடம் வந்து கூடுகிறது.

1977 முதல் 1979 வரை அந்நாட்டில் தேடியபோது, நூறு இடங்களுக்கு ஆறு இடங்களில் மட்டுமே நீர்நாயின் அடையாளம் கிடைத்தது. மருந்துகள் படிப்படியாக விலக்கப்பட்டன. 1978-ல் நீர்நாய்க்குச் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. வளர்த்து விடப்பட்டவை சில; எஞ்சிய இடங்களிலிருந்து தாமே பரவியவை பல. 2009, 2010-ஆம் ஆண்டுகளின் கணக்கெடுப்பில் நூற்றுக்கு ஏறக்குறைய 59 இடங்களில் அடையாளம் காணப்பட்டது. 2011-ல் கென்ட் மாவட்டத்திலும் காணப்பட்டதோடு, நீர்நாய் இல்லாத மாவட்டமே அந்நாட்டில் இல்லையென்று அறிவித்தனர்.

நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரின் செய்தி இன்னும் நெருங்கியது. அங்குள்ளது நம் சமவெளி ஆறுகளுக்குரிய அதே வகை. 1977-ல் தொடங்கிப் பத்தாண்டுகள் உழைத்துச் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் ஆற்றையும் துப்புரவு செய்தனர். பன்றிப் பண்ணைகளும் பட்டறைகளும் கரையிலிருந்து அகற்றப்பட்டன; கழிவுநீர்க் குழாய்கள் அமைந்தன. 1990-களில் நீர்நாய்கள் அத்தீவின் வடகரையில் மீண்டும் தென்பட்டு, பின்னர் நகரின் நடுவிலேயே குடியேறின. எவரும் அவற்றைக் கொண்டுவந்து விடவில்லை. நீர் திருந்தியது; அவை வந்தன.

நம் ஆறுகளில்

நமக்கு அண்மையில் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் நீர்நாய்கள் இன்றும் வாழ்கின்றன. அம்மோயாறு பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் பவானியோடு சேர்கிறது. அங்கிருந்து ஒரு நீர்நாய்க் குடும்பம் அவிநாசிக்கு வர எண்ணினால், அதன் வழி யாது?

அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டு 17-ல் தொடங்கிவைக்கப்பட்டது நாம் அறிந்ததே. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் வரும் உபரிநீரில் ஒன்றரை டி.எம்.சி. எடுத்து, 1,045 குளங்குட்டைகளுக்கு வழங்குவது அதன் நோக்கம். ஆயினும் அந்நீர் இறைத்துக் குழாய் வழியே வருவது. குழாயில் நீர் வரும், நீர்நாய் வராது. அது ஆற்று வழியேதான் வரவேண்டும்.

சத்தியமங்கலம், கோபிசெட்டிபாளையம் வட்டாரங்களின் நெல்வயல்களைக் கடந்து, ஜமக்காளத்திற்குப் பேர்பெற்ற பவானியில் கூடுதுறையை அது அடையும். அங்கே காவிரியில் இறங்கிக் கொடுமுடியைத் தாண்டினால் நொய்யல் சேருமிடம் வரும். அதன்பின் நொய்யலில் எதிர்நீச்சல், போர்வை நெய்யும் சென்னிமலையின் பக்கமாக ஒரத்துப்பாளையம் அணை, பின்னர் திருப்பூர், அங்கிருந்து நல்லாற்றில் ஏறினால் திருமுருகன்பூண்டி, அப்பால் நம் அவிநாசி. வழிநெடுக ஒரு கரை நெசவாளருடையது. மறு கரை உழவருடையது. நீர்நாய் கடக்க வேண்டியது நம் அங்கத்தினர் போன்றவர்களின் தொழிலிடங்களையே.

இவ்வழியில் பெருந்தடை ஒரத்துப்பாளையத்தில் நேர்ந்தது. 1992-ல் பாசனத்திற்கென்று கட்டி முடித்த அவ்வணையில் சாயக்கழிவு தேங்கியது. பருத்தி நூலுக்கேற்ற ஒருவகைச் சாயத்தைப் பிடிக்கச் செய்ய உப்பு மிகுதியாக வேண்டும். அந்த உப்பு துணியில் தங்குவதில்லை, சாயநீரோடு வெளியேறிவிடுகிறது. நிறத்தைப் போக்கினாலும் உப்புப் போகாது. அந்நீர் பாய்ந்த நிலம் உவர்நிலமாயிற்று, கிணறுகளும் கெட்டன. பாசன உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். கழிவுநீரை ஆற்றில் அறவே விடக்கூடாதென்று 2006-ல் ஆணை பிறந்தது. அது நிறைவேறாமையால், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. முன்பு உழவர் நிலத்தை இழந்தனர். இப்போது தொழிலாளர் வேலையை இழந்தனர். நீரைக் கெடுத்த செலவை ஒரு தரப்பார் மட்டும் ஏற்கவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

அதன் பின்னர்க் கழிவுநீரை நுண்சவ்வில் வடித்து நீரைத் திரும்ப எடுப்பதும், எஞ்சியதைக் காய்ச்சி உப்பைத் திரும்ப எடுப்பதும் திருப்பூர்ப் பகுதியில் நடைமுறைக்கு வந்தன. செலவு மிகுதியே, ஆயினும் முடியும் என்பது தெளிவாயிற்று. நொய்யல் இன்னும் நீர்நாய்க்குரிய ஆறாகிவிடவில்லை. ஊர்க்கழிவும் குப்பையும் அதில் சேர்ந்துகொண்டே இருக்கின்றன.

மீனுக்கு நஷ்டமில்லையா?

உண்டு. ஆறு நீர்நாய்கள் கொண்ட குடும்பம் நாளொன்றுக்கு ஆறு கிலோ மீன் தின்னும். வலையில் சிக்கிய மீனை எடுக்கையில் வலையும் கிழியும். சிங்கப்பூரில் வீட்டுக் குளத்து அலங்கார மீன்களைத் தின்றுவிடுவதாக முறையீடுகள் எழுந்தன. இந்நஷ்டத்தை மறைத்து நீர்நாயைப் புகழ்வது நேர்மையாகாது. வலையை இரவு முழுவதும் நீரில் விட்டுவையாமல் உடனுக்குடன் எடுப்பதும், மீன் வளர்க்கும் பண்ணைக் குட்டையைச் சுற்றிக் கம்பிவலை அடிப்பதும் நஷ்டத்தைக் குறைக்கும். ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். நீர்நாய் தங்கும் ஆற்றில் அது தின்றதுபோக மீன் இருக்கும். நஞ்சேறிய ஆற்றில் நீர்நாயும் இல்லை, மீனும் இல்லை.

அங்கத்தினர் செய்யத்தக்கவை

சாயமிடும் அங்கத்தினர், எஞ்சிய சாயநீரை ஒரு வாளியளவும் ஓடையில் கொட்டாமல் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திற்கு அனுப்புதல் வேண்டும். தனியொருவரால் தாங்கவொண்ணாத செலவைப் பலர் கூடித் தாங்குவதே கூட்டுறவின் பயன்.

உழவர்கள், மருந்து தெளிக்கும் கருவியை வாய்க்காலில் கழுவுதலும், காலி டப்பாக்களை நீரில் எறிதலும் கூடாது. பருத்திக்கு நெடுநாள் உபயோகித்த எண்டோசல்பானை 2011-ல் உச்சநீதிமன்றம் தடைசெய்தது. பழைய இருப்பு எவரிடமேனும் இருந்தால் வேளாண்மை அலுவலரிடம் தெரிவிப்பது நலம்.

ஆற்றங்கரையிலும் குளக்கரையிலும் நாணலையும் கோரையையும் ஓரளவு விட்டுவைத்தல் வேண்டும். மணல் அள்ளினால் கரை சரியும், வளைகளும் அழியும். நீர்நாயை எங்கேனும் கண்டால் நெருங்குதலும் தீனியிடுதலும் தகாது. வனத்துறையினர்க்குத் தெரிவித்தால் போதும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதனைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றமாகும். மீன்செதிளும் முள்ளும் கலந்த எச்சம் கரைப்பாறைமீது கிடந்தால், நீர்நாய் வந்துபோயிற்று என்று அறியலாம்.

அத்தகைய அடையாளம் ஒருநாள் நல்லாற்றங்கரையில் காணப்படுமாயின், வழியிலுள்ள ஒவ்வோர் ஊராரும் தத்தம் பங்கு நீரைத் தூய்மையாக விட்டனர் என்பதே அதன் பொருள். நம் பங்கு நம் ஊரிலிருந்து தொடங்குகிறது.