மூன்றா, நான்கா?

1911ல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் 23 வயது சீனிவாச ராமானுஜன் வாசகர்களுக்கு ஒரு புதிர் போட்டார். இதன் மதிப்பு என்ன?

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …))))

ஆறு மாதமாகியும் யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே சொன்னார்: 3.

வழி எளிதுதான். 3 = √(1 + 2×4). அந்த 4 = √(1 + 3×5). அந்த 5 = √(1 + 4×6). இப்படியே உள்ளே போனால் புதிரின் வடிவம் வந்துவிடும்.

தேக்காவில் தேநீர் குடிக்கும்போது இதைத் தோழியிடம் எழுதிக் காட்டினேன். “நான்கு என்றும் காட்டலாமே” என்றாள். 4 = √(1 + 2×7.5). அந்த 7.5 = √(1 + 3×18.41…). அதே வடிவம்! தேநீர் ஆறிவிட்டது.

முதலாண்டு நுண்கணிதத்தில் ‘ஒருங்குதல்’ என்று அலுக்க அலுக்கக் கேட்பது இந்த வழக்கைத் தீர்க்கத்தான். முடிவில்லாத கோவையை ஓர் இடத்தில் வெட்டி, அங்கே 1 வைத்துக் கணக்கிட வேண்டும். வெட்டும் இடத்தைத் தள்ளிக்கொண்டே போனால் கிடைப்பவை: 1.732, 2.236, 2.560, 2.755… எண்கள் ஏறுகின்றன. உள்ளே இருக்கவேண்டிய பெரிய எண்ணுக்குப் பதில் 1 வைத்ததால், 3ஐத் தாண்டவும் முடியாது. ஏறிக்கொண்டே போய் ஒரு வரம்பைத் தாண்டாத தொடர்வரிசை ஒருங்கியே தீரும். நான்கு அடிபட்டுப் போனது. ஆனால் எல்லை 2.9 ஆக இருந்தால்?

கால்குலேட்டரில் 100 போட்டு √ பொத்தானைத் தட்டிக்கொண்டே இருங்கள்: 10, 3.16, 1.78, 1.33… எண் 1ஐ நோக்கிக் கரைகிறது. நாம் வெட்டி எறிந்த எண் 100 என்றால், அதற்கு வெளியே ஏறக்குறைய அத்தனை வர்க்கமூலங்கள் இருக்கின்றன. அவற்றைக் கடந்து வருவதற்குள் பிழை கரைந்துவிடும். ஆகவே சரியாக 3. தோழியின் வழியில் வெட்டப்படும் எண்களோ 4, 7.5, 18.4, 84.5, 1,429 என்று பாய்கின்றன. வர்க்கமூலம் கரைக்கும் வேகத்துக்கு ஈடாக அவையும் வளர்வதால் பிழை அப்படியே நிற்கிறது.

ராமானுஜன் தம் விடையில் இந்தச் சரிபார்ப்பை எழுதவில்லை. இத்தகைய அடுக்கு வர்க்கமூலங்கள் எப்போது ஒருங்கும் என்பதற்குப் பொதுவிதி தந்தவரும் ஒரு தமிழரே: ஹார்டியிடம் பயின்ற தி. விஜயராகவன். உள்ளே கூட்டப்படும் எண்கள், ஏதேனும் ஓர் எண்ணை மீண்டும் மீண்டும் வர்க்கப்படுத்தும் வேகத்தை மிஞ்சாத வரை ஒருங்கும் என்றார். 1927ல் வெளிவந்த ராமானுஜன் ஆய்வுக் கட்டுரைத் தொகுப்பின் பின்னிணைப்பில் அது இருக்கிறது.