தண்ணீர் பிரஷர் குறைவா? எக்ஸெல் கணக்குப் போடும்!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலர் எக்ஸெல் புரோகிராமைத் திறந்து பார்ப்பதே இல்லை. அது ஆபீஸ் வேலைக்கு, நமக்கு எதற்கு என்ற எண்ணம்தான் காரணம். நான் அதில் சென்ற மார்ச் மாதம் எங்கள் வீட்டுத் தோட்டத்திற்குக் கணக்குப் போட்டேன். மோட்டார் வாங்கும் செலவு மிச்சம்.

வெண்டை, கீரைப் பாத்தி, நான்கு கறிவேப்பிலைச் செடி, இவ்வளவுதான் தோட்டம். மொட்டை மாடி டேங்கிலிருந்து பைப் வருகிறது. ஸ்பிரிங்ளர் கேட்டபோது, "டேங்க் பிரஷர் பத்தாது சார், பூஸ்டர் மோட்டார் போட்டால்தான் சுற்றும்" என்றார் கடைக்காரர். அவர் சொன்னது பாதி உண்மை. புல்வெளிக்குப் போடும் சாதாரண ஸ்பிரிங்ளருக்கு ஏறத்தாழ 2 பார் அழுத்தம் வேண்டும். கார் டயரில் இருக்கும் அளவு என்று வைத்துக் கொள்ளுங்கள். டேங்க் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்கூட 1 பார்தான் கிடைக்கும். ஆனால் காய்கறிப் பாத்திக்கு மைக்ரோ ஸ்பிரிங்ளர் போதுமே! எத்தனை போடலாம் என்பதுதான் கேள்வி.

முதலில் ஒரு பக்கெட் சோதனை. ஸ்பிரிங்ளர் வரப்போகும் இடத்திலேயே பைப்பை முழுவதும் திறந்து, 20 லிட்டர் பக்கெட் நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று மொபைல் போனில் பாருங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். எனக்கு 80 நொடி வந்தது.

இப்போது எக்ஸெல் திறக்கவும். அது இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். கீழே நான் பி என்று தந்திருப்பது இரண்டாவது நெட்டு வரிசைக்கான ஆங்கில எழுத்து. கீ போர்டில் அதனையே டைப் செய்திடவும். முதல் வரிசையில் ஒவ்வொன்றும் என்ன என்று பெயர் எழுதிக் கொள்ளுங்கள்.

பி1 செல்லில் 20, பி2-ல் 80. பி3-ல் =பி1*60/பி2 என டைப் செய்து என்டர் தட்டவும். 15 என வரும். இது நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் என்ற கணக்கு. பி4-ல் =பி3/2 தரவும்; 7.5 கிடைக்கும்.

ஏன் பாதி? திறந்த பைப்பில் தண்ணீர் முழு வேகத்தில் ஓடும்போது அழுத்தமெல்லாம் பைப்பின் உராய்விலேயே போய்விடும். பாதி அளவு மட்டும் எடுத்தால் உராய்வு இழப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்றாகக் குறையும். முக்கால் பங்கு அழுத்தம் ஸ்பிரிங்ளருக்கு மிஞ்சும். நிறைய பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

அடுத்து பி5-ல் தோட்டத்துத் தரையிலிருந்து டேங்கின் அடிப்பாகம் வரை உள்ள உயரம். எங்கள் வீட்டில் 7 மீட்டர். பி6-ல் =பி5*0.098 தந்தால் 0.686 பார். பி7-ல் =பி6*0.75.

மைக்ரோ ஸ்பிரிங்ளர் வாங்கும் முன் அது எந்த அழுத்தத்தில் எவ்வளவு தண்ணீர் தரும் என்று கேளுங்கள். நான் பார்த்தது 1.5 பாரில் நிமிடத்திற்கு 1 லிட்டர். பி8-ல் 1, பி9-ல் 1.5 போடவும். அழுத்தம் பாதியானால் தண்ணீர் பாதியாகாது. வர்க்கமூல விகிதத்தில்தான் குறையும். எனவே பி10-ல் =பி8*(பி7/பி9)^0.5 தரவும். ஏறத்தாழ 0.59 வரும். கடைசியாக பி11-ல் =பி4/பி10. விடை 12.8. அதாவது ஒரே நேரத்தில் 12 ஸ்பிரிங்ளர் வேலை செய்யும்.

எனக்குத் தேவை 20. பத்துப் பத்தாகப் பிரித்து, இரண்டு வால்வு வைத்து ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கிறேன். தண்ணீர் ஒரு மீட்டர் தூரம்தான் தெறிக்கிறது. பாத்திக்கு அது தாராளம். மோட்டார் இல்லை, கரண்டும் இல்லை. டேங்க் அடியில் படியும் வண்டல் சிறு துளைகளை அடைத்துவிடும் என்பதால் வால்வுக்கு முன் ஒரு ஃபில்டர் அவசியம். வாரம் ஒரு முறை கழுவவும். அடைபட்ட ஃபில்டரும் அழுத்தத்தைத் தின்னும்.

புல்வெளிதான் வேண்டும் என்பவர்கள் டேங்கிற்குப் பிறகு பூஸ்டர் வைக்கலாம். நகராட்சிக் குடிநீர்க் குழாயில் மட்டும் மோட்டாரை நேரடியாக இணைத்து உறிஞ்சாதீர்கள். அது சட்ட விரோதம். பக்கத்து வீட்டுக்காரருக்கும் தண்ணீர் வராது.

பி2-ல் 80க்குப் பதிலாக 50 டைப் செய்து பாருங்கள். பி11 உடனே 20க்கு மேல் காட்டும்! முக்கால் இஞ்ச் பைப்பை ஒரு இஞ்ச்சாக மாற்றினால் அதே அளவு தண்ணீருக்கு உராய்வு இழப்பு சுமார் நான்கில் ஒன்றாகிவிடும் என்பதால், இந்த 50 நொடி நடக்கக் கூடியதே. எங்கள் பைப் சிமென்ட் தரைக்கு அடியில் போவதால் நான் அதில் கை வைக்கவில்லை. உங்கள் பைப் வெளியே தெரியும்படி ஓடினால், கடைக்குப் போகும் முன் இரண்டு கணக்கையும் போட்டு எது மலிவு என்று பாருங்கள்.